அன்று பத்து நிமிடம், இன்று ஒன்றரை

1990-களின் நடுவில் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். மூளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க அப்போது முக்கால் மணி நேரம் பிடிக்கும். நோயாளி மேசையில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை கணக்கிட்டால் ஒரு மணி நேரம். இன்று அதே மூளையை, அதைவிடத் தெளிவாக, பத்து நிமிடத்தில் எடுத்து முடிக்கிறோம். அவசரம் என்றால் அதற்கும் குறைவு. அந்த நேரம் எப்படிக் குறைந்தது, படத்தின் தரம் எப்படிக் காப்பாற்றப்பட்டது, மிச்சமான நேரம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை, இத்தனை காலமும் அந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் சொல்ல விரும்புகிறேன்.

அன்றைய வேலை ஸ்கேன் அறைக்கு வெளியிலேயே ஆரம்பித்துவிடும். காந்தம் இருக்கும் அறைக்குள் இரும்பு போகக் கூடாது. கொண்டை ஊசி, தாயத்து, அரைஞாண், மெட்டி, சட்டைப் பையில் மறந்துபோன சாவி எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டு வாங்கி வைப்போம். பெண்கள் என்றால் தாலிக்கொடியில் வந்து நிற்கும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. கொடியில் கோத்து வைத்திருக்கும் ஊக்குகளை இழுக்கும். “தாலியைக் கழட்டச் சொல்றீங்களே தம்பி” என்று கண் கலங்குவார்கள். கூட வந்த அம்மாவோ மாமியாரோ கடைக்குப் போய் மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வருவார். அதைக் கட்டிய பிறகுதான் கொடி கழுத்தைவிட்டு இறங்கும். அதுவரை நாங்கள் காத்திருப்போம். ஆளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்ததால் அந்தக் கால் மணி நேரம் யாரையும் உறுத்தவில்லை.

பிறகு மேசையில் படுக்க வைத்து, காதுக்கு இருபுறமும் ஸ்பான்ஜ் சொருகி, முகத்துக்கு மேல் தலை காயிலைப் பூட்டி, கையில் அழைப்புமணிக் குமிழைக் கொடுப்போம். “அப்பத்தா, டொக்கு டொக்குன்னு பெருசா சத்தம் கேக்கும், பயப்படாதீங்க. தலையை மட்டும் ஆட்டிராதீங்க.” அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “மூச்சு விடலாமா தம்பி?”

அந்தக் கேள்வியில் அறியாமை எதுவும் இல்லை. எங்கள் இயந்திரம் அவர்களிடம் கேட்டது அப்படிப்பட்ட அசையாமையைத்தான். எம்.ஆர்.ஐ. படம் ஒரே சொடுக்கில் விழுவதில்லை. உடம்பின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களை ரேடியோ அலையால் தூண்டி, அவை திருப்பித் தரும் சமிக்ஞையை ஒவ்வொரு வரியாகச் சேர்க்க வேண்டும். ஒரு வரியை எடுத்ததும், அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்துதான் அடுத்த வரியைத் தொடங்க முடியும். மூளையின் டி2 படத்துக்கு இந்த இடைவெளி சுமார் இரண்டரை விநாடி. 256 வரிகள் வேண்டுமென்றால் 640 விநாடி, அதாவது 10 நிமிடம் 40 விநாடி. இது ஒரு வகைப் படத்துக்கு மட்டும். டி1, டி2 என்று வகைக்கு ஒன்றாக, பக்கவாட்டு, குறுக்கு என்று திசைக்கு ஒன்றாக எடுக்கும்போது முக்கால் மணி நேரம் ஓடிவிடும்.

இதில் கொடுமையான விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியும் படம் முழுவதற்குமான தகவலைச் சுமக்கிறது. ஒன்பதாவது நிமிடத்தில் நோயாளி இருமினால் படத்தின் ஓர் ஓரம் மட்டும் கெடுவதில்லை. மண்டையோட்டின் விளிம்பு நிழல் நிழலாகப் படம் முழுவதும் பரவிவிடும். மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். பக்கவாதம் வந்தவர், வலிப்பு வந்து தெளிந்தவர், நினைவு தப்பிய முதியவர், தலையில் அடிபட்டவர் ஆகியோர்தான் மூளை ஸ்கேனுக்கு வருகிறார்கள். அசையாமல் இருக்க எல்லாரையும்விட அதிகமாகச் சிரமப்படுபவர்களிடம் எல்லாரையும்விட அதிகமான அசையாமையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் விரைவாக எடுக்கும் வழி அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1973-இல் பால் லாட்டர்பர் காந்த ஒத்ததிர்வைக் கொண்டு படம் எடுக்கலாம் என்று காட்டினார். 1977 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளினில் ரேமண்ட் டமேடியனின் குழு ஒரு மனிதரின் மார்புப் பகுதியை முதன்முதலாக எடுத்தபோது, ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆனது. கிடைத்தது நூறு சொச்சம் புள்ளிகள் கொண்ட படம். நாட்டிங்ஹாமில் பீட்டர் மேன்ஸ்ஃபீல்ட் அதே 1977-இல், ஒரே தூண்டலில் முழுப் படத்தையும் எடுக்கும் வழியைக் கணக்கிட்டு எழுதினார். வரி வரியாகப் படம் சேர்க்கும் நடைமுறையை 1980-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் குழு நோயாளிகளுக்குப் பயன்படும் நிலைக்குக் கொண்டுவந்தது. 1980-களின் நடுவில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் யென்ஸ் ஃபிராமும் ஆக்செல் ஹாஸேயும் மென்மையான தூண்டலைப் பயன்படுத்தி, வரிகளுக்கு நடுவே காத்திருக்கும் நேரத்தை மில்லி விநாடிகளுக்குக் குறைத்தார்கள். 1986-இல் ஃபிரைபர்கில் யூர்கன் ஹென்னிக், ஒரே தூண்டலில் ஒரு வரிக்குப் பதில் பல வரிகளைத் தொடர்ச்சியாக எடுக்கும் முறையை வெளியிட்டார். இந்தியாவின் முதல் எம்.ஆர்.ஐ. இயந்திரம் டில்லியில் ‘இன்மாஸ்’ நிறுவனத்துக்கு வந்ததும் அதே 1986-இல்தான். லாட்டர்பருக்கும் மேன்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மதுரையில் எங்களிடம் இருந்தது வெளிநாட்டில் ஓடி முடித்துச் சீர்செய்து அனுப்பப்பட்ட பழைய இயந்திரம். ஃபிரைபர்கில் கண்டுபிடித்த முறை அதற்குள் இல்லை. அது இருந்திருந்தால் பத்து நிமிடம் நாற்பது விநாடியில் எடுத்த படத்தை, ஒரு தூண்டலுக்குப் பதினாறு வரி வீதம் நாற்பதே விநாடியில் எடுத்திருக்கலாம். அந்த ஆண்டுகளில் எங்கள் மேசையில் படுத்தவர்கள் தாங்கிக்கொண்ட நேரத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆய்வுக்கூடத்தில் ஒன்று கண்டுபிடிக்கப்படும் நாளும், அது சாதாரண நோயாளிக்குக் கிடைக்கும் நாளும் வேறு வேறு.

பின்னர் புதிய 1.5 டெஸ்லா இயந்திரம் வந்தது. அதில் ‘டர்போ’ என்ற பெயரில் வந்த ஃபிரைபர்க் முறையில் எடுத்த முதல் டி2 ஃபிலிம்களை ரேடியாலஜிஸ்ட் விளக்குப் பெட்டியில் மாட்டி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. கொழுப்பு வழக்கத்தைவிட வெளுத்துத் தெரிந்தது. வரிகளை அதிகமாக அடுக்கிய படங்களில் நுண்ணிய விளிம்புகள் லேசாக மழுங்கின. “வேகம் சரி தம்பி, படம் உண்மை சொல்லுதா?” என்று கேட்டார். அவர் பழைய முறைப் படத்தையும் புதிய முறைப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நோயாளிக்கு நோயாளி ஒப்பிட்டுப் பார்த்துத்தான் புதியதை ஏற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வேக முறைக்கும் நான் அந்தக் கேள்வியைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறேன்.

தரம் என்பதற்கு எங்கள் தொழிலில் உறுதியான கணக்கு ஒன்று உண்டு. மற்றவை எல்லாம் மாறாமல் இருந்தால், இரைச்சலுக்கு எதிரான சமிக்ஞையின் வலிமை நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நேரத்தைப் பாதியாக்கினால் வலிமை சுமார் 71 சதவீதமாகக் குறையும். நான்கில் ஒன்றாக்கினால் 50 சதவீதமாகும். ஆகவே, வேகம் வேண்டுமென்றால் தரத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தக் கணக்கில் பிழை இல்லை. ஆனால் சோதனைக்கு வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குத்தான் அது முழுமையாகப் பொருந்தும். பாட்டில் இருமாது, எச்சில் விழுங்காது, பயந்து தலையைத் தூக்காது. மேசையில் படுத்திருக்கும் மனிதருக்கு ஒன்பது நிமிடப் படத்தைவிட நான்கு நிமிடப் படம் தெளிவாக வருவதைக் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் பொடிப்பொடியாகத் தெரிந்தாலும் விளிம்புகள் கூர்மையாக இருக்கும்.

தலை அசைவால் நேரும் கேடு கண்ணுக்குத் தெரிந்தால் மறுபடி எடுத்துவிடலாம். தெரியாமல் போவதுதான் ஆபத்து. 2015-இல் மார்ட்டின் ராய்ட்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆரோக்கியமான தன்னார்வலர்களை ஸ்கேனருக்குள் சில தடவை அசையாமலும், சில தடவை தலையை ஆட்டியும் அசைத்தும் இருக்கச் சொல்லி எடுத்துப் பார்த்தார்கள். தலை அசைந்த படங்களில் மூளையின் சாம்பல் பொருள் உள்ளதைவிடக் குறைவாகவும் புறணி மெலிந்தும் அளவிடப்பட்டன. கைநடுக்கமும் நிலைகொள்ளாமையும் உள்ள முதியவருடைய மூளை, அவர் அசைந்த காரணத்தாலேயே சுருங்கியதுபோல் அளவில் வரலாம் என்பது இதன் பொருள். மறதி நோயா, வயதின் இயல்பா என்று பிரித்துப் பார்க்க ஹிப்போகாம்பஸ் பகுதியின் பருமனைக் கன மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிறார்கள். அங்கே அசைவு சொல்லும் பொய் ஒரு குடும்பத்தின் வாழ்க்கையையே மாற்றிவிடக் கூடும். அதனால்தான் ஸ்கேன் நேரத்தைக் குறைப்பதைத் தரத்துக்குச் செய்யும் உதவியாகவே நான் கருதுகிறேன்.

மூளையின் அமைப்பை நுட்பமாகப் பார்க்க இன்று உலகெங்கும் பயன்படும் முப்பரிமாண டி1 படத்தை 1990-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மக்லரும் புரூக்மனும் உருவாக்கினார்கள். தலை முழுவதையும் ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக எடுத்துவிட்டால், பிறகு எந்தத் திசையிலும் வெட்டிப் பார்க்கலாம். அடங்காத வலிப்புக்கு அறுவை சிகிச்சை செய்யும் முன் மருத்துவர்கள் தேடும் சின்னத் தழும்பும், புறணியின் மடிப்பில் ஒளிந்திருக்கும் பிறவிக் குறையும் இதில்தான் அகப்படும். எதையும் விடாமல் எடுத்தால் இதற்கு ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். வலிப்பு நோயாளி ஒருவரை ஒன்பது நிமிடம் அசையாமல் இருக்க வைப்பது எப்படி என்ற கவலையில் எத்தனையோ நாள் கான்சோலுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கவலையைக் குறைத்தவர்கள், தலையைச் சுற்றி வைக்கும் காயிலைப் பல துண்டுகளாகப் பிரித்தவர்கள். ஒவ்வொரு துண்டும் தனக்கு அருகில் உள்ள பகுதியின் சமிக்ஞையையே பலமாக வாங்கும். அந்த வேறுபாட்டை வைத்துக்கொண்டு, எடுக்காமல் விட்ட வரிகளைக் கணக்கிட்டு நிரப்பலாம் என்று 1997-இல் டேனியல் சோடிக்சன் காட்டினார். 1999-இல் சூரிச்சில் கிளாஸ் புரூஸ்மனும், 2002-இல் வூர்ஸ்பர்கில் மார்க் கிரிஸ்வோல்டும் அவரவர் வழியில் அதைச் செம்மைப்படுத்தினார்கள். ஒன்று விட்டு ஒன்றாக வரிகளை எடுத்தால், ஒன்பது நிமிடம் ஐந்தாகக் குறையும். அதற்கும் விலை உண்டு. வேகத்தை மேலும் கூட்டினால், காயில்களிலிருந்து தூரத்தில் இருக்கும் மூளையின் நடுப்பகுதியில், தலாமஸைச் சுற்றி, இரைச்சல் மணல் தூவியதாகத் தெரியத் தொடங்கும். எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிவதுதான் டெக்னீஷியனின் கைத்தேர்ச்சி.

2007-இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் லஸ்டிக், டேவிட் டோனஹோ, ஜான் பாலி மூவரும் வேறொரு வாசலைத் திறந்தார்கள். வரிகளை ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு எடுத்தால், விடுபட்டதால் வரும் கோளாறு படத்தில் இரைச்சலாகச் சிதறும். உண்மையான விளிம்புகள் நிலைத்து நிற்கும். கணிதத்தால் இரண்டையும் பிரித்துவிடலாம் என்றார்கள். 2015-இல் பாஸ்டனில் பெர்கின் பில்கிச்சும் அவருடைய குழுவினரும் ஒவ்வொரு வரியையும் நேராக எடுக்காமல் சுருளாக எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். விடுபட்ட வரிகளால் வரும் கோளாறு மூன்று திசையிலும் பரவலாகப் பகிரப்பட, இரைச்சல் ஓரிடத்தில் குவிவது குறைந்தது. ஒன்பது நிமிடத்துக்கு மேல் எடுத்த அதே ஒரு மில்லிமீட்டர் முப்பரிமாணப் படத்தை, 3 டெஸ்லா இயந்திரத்தில் ஒன்றரை நிமிடத்துக்குள் எடுக்க முடிகிறது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. 2018-இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவர்களும் ஃபேஸ்புக்கின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து ‘ஃபாஸ்ட் எம்.ஆர்.ஐ.’ என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். முழங்கால் ஸ்கேன்களோடு ஏறத்தாழ 7,000 மூளை ஸ்கேன்களையும் யாரும் பயன்படுத்திக்கொள்ளும்படி பொதுவில் வைத்தார்கள். இத்தகைய ஸ்கேன்களைக் கொண்டு பழக்கிய கணினி வலைப்பின்னல், குறைந்த வரிகளிலிருந்து பளிங்கு போன்ற படத்தைத் தருகிறது. முக்கிய நிறுவனங்களின் புதிய இயந்திரங்களில் இது வழக்கமான வசதியாகவே வருகிறது.

இந்த முறையை நான் மனதார வரவேற்கிறேன். அதே அளவுக்கு எச்சரிக்கையாகவும் இருக்கிறேன். பாதி போட்டு நிறுத்திய கோலத்தைப் பழகிய கை பார்த்த மாத்திரத்தில் முடித்துவிடும்; ஆனால் போட்டவள் மனதில் இருந்தது புதுக் கோலமாக இருந்தால், முடித்தவள் கைக்குப் பழகிய கோலம்தான் வாசலில் நிற்கும். நோய் என்பது பெரும்பாலும் அந்தப் புதுக் கோலம். 2020-இல் அதே திட்டம் நடத்திய மூளைப் படப் போட்டியில், வேகத்தை நான்கு மடங்கும் எட்டு மடங்கும் கூட்டிப் பார்த்தபோது, நோயாளியின் மூளையில் இல்லாத அமைப்புகளைச் சில படங்களில் கணினி தானாக உருவாக்கியிருந்ததைக் கவனித்துப் பதிவு செய்தார்கள். இல்லாததைப் போட முடிந்தால், இருப்பதை அழிக்கவும் முடியும். ஆகவே கணினி நிரப்பிய படத்தை உண்மையில் எடுத்த வரிகளோடு ஒத்துப்பார்க்கும் முறைகளுக்கே முதலிடம் தர வேண்டும். சந்தேகம் எழுந்தால் அந்தப் பகுதியை வேகம் குறைத்து மறுபடி எடுக்க வேண்டும். ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவாகும் என்று தயங்கக் கூடாது. பார்க்க அழகாக இருப்பது வேறு, உள்ளதைக் காட்டுவது வேறு.

குழந்தைகளின் விஷயத்தில்தான் இந்த வேகத்தின் அருமையை முழுதாக உணர்கிறேன். அன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு மூளை ஸ்கேன் என்றால் மயக்க மருந்து கட்டாயம். காலையிலிருந்து பால் கொடுக்கக் கூடாது. மயக்க மருந்து டாக்டர் வேறு ஆபரேஷனை முடித்துவிட்டு வரத் தாமதமாகும். பசியில் அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தாய் வராந்தாவில் நடந்துகொண்டே இருப்பாள். இன்று பல கைக்குழந்தைகளுக்கு வயிறாரப் பால் கொடுத்து, துணியில் சுற்றி, உறங்கியதும் மெதுவாக உள்ளே நகர்த்தி, விழிப்பதற்குள் எடுத்து முடித்துவிடுகிறோம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளிடம் “ஒரு பாட்டு முடியிற வரைக்கும்தான் தங்கம்” என்று சொன்னால் ஒத்துழைக்கிறார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் இது சாத்தியம் இல்லை. மயக்க மருந்து தேவைப்படுபவர்கள் இன்றும் உண்டு. ஆனாலும் எத்தனையோ தாய்மார்களின் அந்த வராந்தா நடை நின்றுபோனதே, அதற்காகவே கோட்டிங்கனிலும் சூரிச்சிலும் பாஸ்டனிலும் கணக்குப் போட்ட அத்தனை பேரையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, வருத்தமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். மிச்சமான நேரம் எங்கே போனது? ஒரு பகுதி நல்ல வழியில் போயிருக்கிறது. வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் அன்றைக்கே எடுத்துப் போகிறார்கள். பக்கவாதம் வந்தவரைப் பட்டியலுக்கு நடுவில் நுழைக்க முடிகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் பின்னாளில் வேலை பார்த்த ஓரிடத்தில், மணிக்கு ஒருவர் என்று இருந்தது நால்வர் ஆனதும், ஸ்கேன் நேரத்தோடு பேசும் நேரத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டார்கள். “சீக்கிரம் கழட்டுங்கம்மா, அடுத்த ஆளு நிக்குது” என்ற குரல்தான் அங்கே கேட்கும். மஞ்சள் கயிறு வாங்கி வர அவகாசம் கிடையாது. உள்ளே என்ன சத்தம் வரும், எவ்வளவு நேரம் ஆகும், குமிழை எப்போது அழுத்தலாம் என்று சொல்ல ஆள் இல்லை. சொல்லாமல் உள்ளே தள்ளப்பட்டவர் முதல் சத்தத்திலேயே திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார். படம் கெடும், மறுபடி எடுப்பார்கள். கணினி மிச்சப்படுத்திய நிமிடங்கள் அங்கேயே கரைந்துவிடும்.

எந்த வேக முறையும் பயந்த மனிதரை அமைதிப்படுத்தாது. நடுக்கமும் இருமலும் நிமிடக் கணக்கைப் பார்த்து அடங்குவதில்லை. ஆனால் ஒன்றரை நிமிடம் என்று முன்கூட்டித் தெரிந்தால் பெரும்பாலானோர் ஒன்றரை நிமிடம் தாங்குகிறார்கள். ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் முன்னால் மைக்கில், “ஐயா, இது ரெண்டு நிமிஷம். முடிஞ்சதும் சொல்றேன், எச்சில் முழுங்கிக்கலாம்” என்று சொன்னால் போதும். கான்சோலில் எந்தப் பொத்தானைத் தட்டினாலும் கிடைக்காத தெளிவு அதில் கிடைக்கிறது.

எங்கள் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அறிஞர்கள் நாற்பது ஆண்டுகள் பாடுபட்டு மிச்சப்படுத்திக் கொடுத்த அரை மணி நேரத்தில் மூன்று நிமிடத்தை, மேசையில் படுப்பவரிடம் பேசச் செலவிடுங்கள். ஸ்கேன் சென்டர் நடத்துபவர்கள் அந்த மூன்று நிமிடத்தைப் பட்டியலிலேயே எழுதி வையுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. பேஸ்மேக்கர், மூளையில் வைத்த கிளிப், காது உள்வைப்பு, உடம்பில் எங்கேனும் தங்கிய உலோகத் துண்டு ஆகியவை இருந்தால் ஸ்கேன் எடுப்பவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுங்கள். இருமலோ, அடைபட்ட இடத்தில் பயமோ உண்டென்றால் கூச்சப்படாதீர்கள். படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு, தலையும் கழுத்தும் சௌகரியமாகும்வரை சரிசெய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு படமும் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்களுக்கு இன்று நேரம் இருக்கிறது.